பெயர் சொல்லி ஒரு ஜெபம்

தீவின் துறைமுகத்தை ஒட்டிய ஹேடோவில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே. ஒரே வீடாக இருந்ததை, இரண்டு வாடகை வருமே என்று உரிமையாளர் குறுக்கே பிளைவுட் அடித்துப் பிரித்திருந்தார். தடுப்பு கூரையைத் தொடவில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. அந்த வழியாக எங்கள் தாளிப்பு அங்கே போகும், அங்கே பொரிக்கும் மீனின் வாசம் இங்கே வரும். யாராவது தும்மினால், தும்மியது யார் என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

அந்தப் பக்கம் அப்பலம்மா ஆண்டி இருந்தார். ஸ்ரீகாகுளத்துத் தெலுங்குக் குடும்பம். அவருடைய கணவர் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகில் வேலை பார்த்தார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஆண்டி விடிந்ததும் ஜெட்டிக்குப் போய் மீன் எடுத்துவந்து, எங்கள் சரிவில் உள்ள வீடுகளுக்கு விற்பார். என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அம்மா இட்லி மாவு அரைத்து வார்ஃப் வாசலில் இருந்த டீக்கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். அவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். ஊர்த் தமிழை அப்படியே கொண்டுவந்திருந்தாள். இந்தியை மட்டும் இங்கே வந்து கடைத்தெருவில் கற்றுக்கொண்டாள். விலை கேட்கவும், கேட்ட விலையைக் குறைக்கவும் அது போதுமாக இருந்தது. தீவில் பிறந்த எனக்கு இந்தி விளையாட்டு மொழி. அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த வருஷம் கோடைக்கு முன்பே அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் வரும். எத்தனை மணிக்கு வரும் என்பது வால்வு திறக்கிறவருக்கே தெரியாது என்று அப்பா சொல்வார். வீடு சரிவில் இருந்ததால் எங்கள் வாசல் மேலே, ஆண்டியின் முற்றம் சில படிகள் கீழே; குழாய் அந்த முற்றத்தை ஒட்டி இருந்தது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஹோஸ். ஒரு தண்ணி நாளில் ஆண்டியின் நீல டிரம்கள் முதலில் நிறையும். பிறகு அதே ஹோஸை மேலே இழுத்து எங்கள் டிரம்களில் போடுவோம். அடுத்த தண்ணி நாளில் வரிசை மாறும். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை இது. ஆனால் பிசகாமல் நடந்துவந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிய வாரத்தில் அது பிசகியது. அம்மா மாவு கொடுக்க வார்ஃபுக்குப் போயிருந்த நேரத்தில் தண்ணீர் வந்து போய்விட்டது. அவள் திரும்பி வந்தபோது ஆண்டியின் டிரம்கள் வாய்வரை நிறைந்திருந்தன. எங்கள் டிரம்களில் அடியில் கிடந்த பழைய தண்ணீர் மட்டும்தான். ஹோஸ் ஆண்டியின் முற்றத்தில் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அந்த அழகுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஹோஸை எடுத்து மேலே போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அவள் மேல் படியில் நின்று தமிழில் கேட்டாள். ஆண்டி கீழிருந்து தெலுங்கில் பதில் சொன்னார். சண்டைக்கு இருவரும் சொந்த மொழிக்குப் போய்விட்டதால் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. ஆனால் எல்லாம் சொல்லி முடித்த திருப்தி இருவருக்கும் இருந்தது. அதோடு பேச்சு நின்றது. அரைக்கத் தண்ணீர் இல்லாமல் அன்று அம்மா ஊறப்போட்ட அரிசியை வடித்துக் காயவைத்தாள்.

அம்மாவுக்கு இதில் இன்னொரு கவலையும் இருந்தது. ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் தமிழ்ச் சபையில் எல்லாருக்கும் காலை உணவு உண்டு. அந்த வருஷம் இட்லியை அம்மா ஏற்றுக்கொண்டிருந்தாள். மாவுக்காரி என்ற முறையில் அவளாகவே கையைத் தூக்கியிருந்தாள். சபை முழுவதற்கும் இட்லி என்றால் அரிசி களைய, ஊறவைக்க, அரைக்க, அவிக்க, பாத்திரம் கழுவத் தண்ணீர் வேண்டும். ஈஸ்டரை ஒட்டி ஒரு தண்ணி நாள் தவறினாலும் கையை விரிக்க வேண்டிவரும். சபையில் அதை எப்படிச் சொல்வது என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த ஞாயிறு போதகர் பகைவரை நேசிப்பதைப் பற்றிப் பிரசங்கித்தார். அவர் விவரமானவர். மொத்தமாக எங்கள் சத்துருக்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டாம், இந்த லெந்து முடியும்வரை ஆளுக்கு ஒரு பெயரை எடுத்துக்கொண்டு தினமும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள் என்றார். சபையார் பெரும்பாலும் மெயின்லேண்டில் இருக்கும் பங்காளிகளை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் கடல் இருந்ததால் அது வசதியான அன்பு. எதையும் சொன்னபடி செய்கிறவளான அம்மா, பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவரை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் தீவில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். விளக்குப் போட்டதும் குடும்ப ஜெபம். அம்மாவின் வீட்டார் சத்தமாக ஜெபிக்கிறவர்கள். அவளும் அப்படியே. ஆண்டவரே, எங்கள் சத்துருவாகிய அப்பலம்மாவை ஆசீர்வதியும் என்று தொடங்குவாள். அப்பலம்மாவின் டிரம்களை நிரப்பும், கடலில் போயிருக்கும் அவள் புருஷனைக் காத்துக்கொள்ளும், அவளுடைய பிள்ளைக்குப் படிப்பைத் தாரும், அவளுடைய கல்லான இருதயத்தை உடையும் என்று போகும். ஒவ்வொரு வாக்கியத்திலும் பெயர் வரும். அம்மாவைப் பொறுத்தவரை அது விலாசம் மாதிரி. தெளிவாகச் சொன்னால்தான் ஆசீர்வாதம் சரியான வீட்டுக்குப் போய்ச் சேரும்.

அப்பாவுக்குத்தான் சங்கடம். ஒருநாள் ஆமென் சொன்ன கையோடு, "கொஞ்சம் மெதுவாச் சொல்லு. ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார்.

"அவருக்குக் கேக்கும். எனக்குக் கேக்காண்டாமா? அவ பேரைச் சொல்ல வாய் வர மாட்டேங்கு. சத்தமாச் சொன்னாத்தான் வருது" என்றாள் அம்மா.

தினமும் இருட்டுகிற நேரத்தில், தடுப்புக்கு மேலிருந்து, தெரியாத மொழியில், உணர்ச்சி பொங்க ஒரு பெண் குரல் தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் யாருக்கும் என்ன தோன்றுமோ, அதுதான் அப்பலம்மா ஆண்டிக்கும் தோன்றியது. நாலைந்து நாளில் அவர் வீட்டு வாசலில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் தொங்கின. அதைப் பார்த்த அம்மா, அவள் நமக்கு ஏதோ செய்துவைக்கிறாள் என்று முடிவுசெய்து ஜெபத்தை இன்னும் நீட்டினாள். ஆண்டி டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அம்மா அதற்கு மேலே குரலை எடுத்தாள். தெலுங்கு சீரியலில் அழுகிறவர்களும் அம்மாவும் ஒரே நேரத்தில் கண்ணீர் விட்ட சாயங்காலங்கள் உண்டு. தண்ணி நாட்களில் மட்டும் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல், ஹோஸைக் கைமாற்றாமல், ஒருவர் கீழே போட மற்றவர் எடுத்துக்கொண்டார்கள். வரிசையில் இரண்டாவதாக வந்தவருக்கு அநேகமாகப் பாதிதான் கிடைத்தது.

ஆண்டியின் மகளும் நானும் இந்தச் சண்டையில் சேரவில்லை. ஒருநாள் மத்தியானம் அவர்கள் முற்றத்தில் நாங்கள் கல் விளையாடிக்கொண்டிருந்தோம். ஆண்டி விற்காமல் மிஞ்சிய மீனைச் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்: "தேரா மம்மி ரோஸ் மேரா நாம் லேகே க்யா போல்தா?" உன் அம்மா தினமும் என் பெயரைச் சொல்லி என்னதான் சொல்கிறாள் என்று.

வேதவசனம் ஒப்பிப்பதில் அந்த வருஷம் நான் முதல் பரிசு வாங்கியிருந்தேன். தெரிந்த கேள்வி பரீட்சையில் வந்த மாதிரி இருந்தது எனக்கு.

"ஆப் ஹமாரா துஷ்மன் ஹை நா ஆண்டி. இஸ்லியே துவா கர்தா" என்றேன். நீங்கள் எங்கள் எதிரி அல்லவா, அதனால்தான் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறாள்.

கத்தி நின்றது. என்னவெல்லாம் கேட்கிறாள் என்றார். டிரம் நிறையக் கேட்கிறாள், அங்கிள் பத்திரமாக இருக்கக் கேட்கிறாள், இவள் படிப்புக்குக் கேட்கிறாள் என்று அவர் மகளைக் காட்டினேன். கல்லான இருதயத்தை நான் விடவில்லை. அதற்கு இந்தி எனக்குச் சுலபமாகவே வந்தது. "பத்தர் கா தில்" என்றேன். அவர் அதை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் சுரண்டத் தொடங்கினார். என் மொழிபெயர்ப்பில் குறை இல்லை என்ற நிறைவோடு நான் கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா சத்துருவாகிய என்பதுவரை வந்திருப்பாள். கதவு தட்டப்பட்டது. தட்டியவர் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே வந்து, எங்களுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். தலை சீவி, நல்ல சேலை கட்டி வந்திருந்தார் அப்பலம்மா ஆண்டி. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"மேரே சாம்னே போலோ," என்றார். "ஹிந்தி மே." என் முன்னாலேயே சொல், இந்தியில் சொல்.

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், பிறகு எழுந்திருப்பதால் என்ன ஆகும் என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். அம்மா கண்ணைத் திறந்து ஆண்டியைப் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். அவளுடைய இந்தியில் ஜெபத்துக்கான சொற்கள் கிடையாது. ஆசீர்வதியும், கிருபை, இரக்கம் எதுவும் கிடையாது. வெங்காயம் வாங்கும் இந்தியைத்தான் அவள் எடுத்தாக வேண்டும்.

"பிரபு," என்று தொடங்கினாள். குரல் எழும்பவில்லை. "அப்பலம்மா கோ பானி தோ. ஃபுல் தோ." கொஞ்சம் நிறுத்தினாள். "உஸ்கா ஆத்மி கோ சமுந்தர் மே டீக் ரக்கோ. பச்சி கோ பாஸ் கரோ." தண்ணீர் முழுசாகக் கொடு, கடலில் புருஷனை நன்றாக வை, பிள்ளையைப் பாஸாக்கு. இதுவரை வந்துவிட்டாள். அடுத்தது இருதயம். "உஸ்கா தில்..." என்று சொல்லி நின்றாள்.

"பத்தர் கா," என்று எடுத்துக்கொடுத்தார் ஆண்டி. "போலோ."

அம்மா கண்ணைத் திறக்காமலே என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்தச் சொல் எந்த வழியாக அந்தப் பக்கம் போனது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தேன். கப்பல் ஒன்று துறையில் சங்கு ஊதியது. கடைசியில், தன்னிடம் இருக்கிற கொஞ்ச இந்தியில் எது மிச்சம் என்று தேடி எடுத்த மாதிரி சொன்னாள்: "மேரா குஸ்ஸா கம் கரோ. ஆமென்."

என் கோபத்தைக் குறைத்துவிடு. அவ்வளவுதான். தமிழில் இத்தனை நாளும் அவள் கேட்காத ஒன்று அது.

"பஸ்?" என்றார் ஆண்டி. இவ்வளவுதானா, இதற்கா தினமும் அவ்வளவு சத்தம் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, அம்மாவிடம் நிதானமாக ஒன்றைச் சொன்னார். பொங்கலுக்கு முன்னால் ஒரு தண்ணி நாளில் அவர்தான் எங்கள் டிரம்மையும் நிரப்பிவைத்திருந்தார். அன்று அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, குழாயடியில் எல்லார் முன்னிலையிலும், மீன் கையோடு என் டிரம்மைத் தொடாதே, மாவு நாறும் என்று சொன்னாளாம். "தும் ஹீ போலா, மச்சலி கா ஹாத் மத் லகாவ். நஹீங் லகாயா." நீதான் தொடாதே என்றாய், நான் தொடவில்லை.

கதவை அவரே சாத்திவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு அது மறந்தே போயிருந்தது. அப்பாவுக்கு மறக்கவில்லை என்பது அவர் விளக்கைப் பார்த்த விதத்தில் தெரிந்தது. "அப்படிச் சொன்னேனா?" என்று கேட்டாள். "சொன்ன" என்றார் அப்பா. மறுநாள் ஜெபத்தில் அம்மாவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் டிவி சத்தமும் குறைந்தது. ஆனால் பேச்சு வந்துவிடவில்லை. அம்மா இரண்டு மூன்று முறை ஆண்டியின் முற்றம்வரை இறங்கிப் போவதும், வாயைத் திறப்பதும், காயப்போட்ட துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறி வருவதுமாக இருந்தாள்.

பெரிய வெள்ளி வந்தது. வியாழக்கிழமை வரவேண்டிய தண்ணீர் வரவில்லை. வெள்ளி மத்தியானம் கோவிலில் மூன்று மணி நேர ஆராதனை. அம்மா அதை ஒரு வருஷமும் விட்டதில்லை. அப்பா பாடகர் குழுவில் இருந்தார். எனக்கு லேசாகக் காய்ச்சல் என்பதால் என்னை டிரம்களுக்குக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள்.

"ஏட்டி, குழாயில காத்துச் சத்தம் கேட்டா ஓடு. இன்னைக்கு அவங்க முறை. அவங்க முடிச்ச உடனே ஹோஸைப் பிடிச்சுக்கோ, விட்டுராத. இன்னைக்கு விட்டா இட்லி இல்ல" என்றாள் அம்மா. ஆண்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக அவளுக்கு முகம் இல்லை.

அவர்கள் போய் அரை மணி நேரம் இருக்கும். குழாய் இருமியது. நான் இறங்கி ஓடினேன். ஆண்டி ஏற்கெனவே அங்கே ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தார். மம்மி எங்கே என்றார். கோவில் என்றேன். எப்போது வருவாள் என்றார். மூன்று மணிக்கு என்றேன். அவர் சரிவின் மேலே எங்கள் டிரம்களைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். ஹோஸை அப்படியே கீழே விட்டுவிட்டு உள்ளே போனார். தண்ணீர் வீணாகத் தரையில் ஓடியது. எனக்கு அழுகை வந்தது.

அவர் சோப்பும் பாதி எலுமிச்சம்பழமும் எடுத்துவந்தார். ஓடுகிற தண்ணீரில் குந்தி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். பழத்தை நகக்கண்களில் தேய்த்தார். மறுபடி கழுவினார். பிறகு இரண்டு கைகளையும் என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சூங்க். மச்சலி ஹை?" மோந்து பார், மீன் வாசம் இருக்கிறதா என்று.

முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை வாசம்தான். "நஹீங்" என்றேன்.

"பக்கா?"

"பக்கா."

"மம்மி கோ போல்னா," அம்மாவிடம் சொல் என்று சொல்லிவிட்டு ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். எங்கள் டிரம்கள் முதலில் நிறைந்தன. ஒவ்வொன்றும் நிறைந்ததும் மூடியைப் போட்டு, மூடியைக்கூடத் துடைத்துவைத்தார். பிறகு ஹோஸ் கீழே போனது. அவருடைய முதல் டிரம் நிறைந்தது. இரண்டாவது பாதி ஆவதற்குள் குழாய் மெலிந்து, சொட்டி, நின்றுபோனது.

எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. நாங்கள் ஜெபித்தோம், கர்த்தர் சத்துருவின் இருதயத்தை உடைத்தார், டிரம்கள் நிறைந்தன. ஞாயிறு பள்ளியில் சாட்சி சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அம்மா மூன்று மணிக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறி வந்தாள். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது தாகத்தைப் பற்றியது. அதற்குப் பிறகு பிரசங்கத்தில் மனது நிற்கவில்லை, டிரம் ஞாபகமாகவே இருந்தது என்று பிறகு அவளே அப்பாவிடம் சொன்னாள். முதல் டிரம்மின் மூடியைத் திறந்தாள். பழக்கத்தில் முகம் தண்ணீரை நோக்கிக் குனிந்தது. பாதி வழியில் நிமிர்ந்துகொண்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். கை கழுவியதையும், நான் முகர்ந்து பார்த்ததையும் சொன்னேன்.

"அவங்க டிரம்மு?"

"ஒண்ணு முழுசு. ஒண்ணு பாதி."

அம்மா கோவில் சேலையை மாற்றவில்லை. இரண்டு குடங்களில் தண்ணீர் மொண்டாள். ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, சின்னக் குடத்தை என்னிடம் கொடுத்தாள். எனக்கு நியாயமாகப் படவில்லை. கேட்டு வாங்கியதைத் திருப்பிக் கொண்டுபோய் ஊற்றுவதா?

"இது நாம ஜெபம் பண்ணி வாங்குன தண்ணி இல்லையா?" என்றேன்.

"பாத்துப் பிடி. சிந்தாத" என்றாள்.

ஆண்டி வேண்டாம் வேண்டாம் என்றார். அம்மா டிரம்மில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். நாலைந்து நடை நடந்தோம். மன்னிப்பு என்ற சொல்லுக்கு இந்தியில் என்ன என்று வழியில் என்னிடம் கேட்டாள்; சொன்னேன். ஆனால் அங்கே போனதும் அதைச் சொல்லவில்லை. ஆண்டியின் வலது கையைப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, "அச்சா ஹை" என்றாள், நன்றாக இருக்கிறது என்று. ஆண்டி அம்மாவின் தோளில் ஓர் அடி வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை.

ஈஸ்டர் இட்லி நன்றாக வந்தது. போதகர் எட்டுச் சாப்பிட்டார் என்று அம்மா சொன்னாள்.

திங்கட்கிழமை மாலை அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முந்தின இரவு ஜெபத்தில் அப்பலம்மா ஆண்டியின் பெயர் அப்பாவின் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவில் வந்திருந்தது. சத்துரு என்ற பட்டத்தைக் காணவில்லை. அந்த இடம் காலியாகிவிட்டால் கட்டளை என்ன ஆவது? லெந்து முடிந்தாலும் கட்டளை முடியாது அல்லவா?

"இனி நம்ம சத்துரு யாரும்மா? யாருக்கு ஜெபம் பண்ணணும்?"

அம்மா களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தாள். "ஏன், அவதான்," என்றாள். "புதன்கிழமை திரும்பத் தண்ணி வரும்லா."

அம்மா கேலி செய்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அது கேலி அல்ல, புதன்கிழமை ஹோஸ் பிடிக்கும்போது மறுபடி கோபம் வந்தால் அதற்கான முன்னேற்பாடு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.